தென்னாப்பிரிக்க முஸ்லிம்களின் ஆண்டு விழாக்கள்: ஒரு வரலாற்று நோக்கு

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஃபோர் என்னும் இடத்தில், மணற்குன்று ஒன்றின்மீது ஷைகு யூசுஃப் மக்காசரீ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் அந்நகரத்து முஸ்லிம் குடும்பங்கள் அங்குச் சென்று, குன்றைச் சுற்றியுள்ள வெளியில் கூடாரம் அடித்து, சில நாட்கள் தங்கி, ஓதி, சமைத்து உண்டு திரும்புகின்றனர். இறைநேசர் ஒருவர் அடங்கியிருக்கும் ஊரில் மக்கள் கூடுவதில் புதுமை ஏதுமில்லை. நாகூரையும் ஏர்வாடியையும் அறிந்த நமக்கு அது விளக்க வேண்டாத காட்சி. வியப்புக்குரியது அவர்கள் கூடும் நாளே. அது ஷைகு அவர்கள் மறைந்த நாளன்று. ஹிஜ்ரி ஆண்டின் எந்த மாதத்தையும் சார்ந்த நாளுமன்று. கிறித்தவர்களின் ஈஸ்டர் விடுமுறையின்போதுதான் முஸ்லிம்கள் அங்கே பெருந்திரளாகக் கூடுகின்றனர்.

இச்செய்தியைக் கேட்டதும் மதரஸாவில் பயின்றோர் உள்ளத்தில் முதலில் எழும் வினா, ‘இது ஆகுமா, ஆகாதா?’ என்பதாகவே இருக்கும். அவ்வினா தவறன்று. ஆயினும் ஒரு செயல் எவ்வாறு தோன்றியது, யார் அதைச் செய்தனர், எந்த நெருக்கடியில் செய்தனர் என்பதை அறிந்துகொள்ளாமல் ஃபத்வா வழங்குவது, நோயாளியைப் பாராமல் மருந்தெழுதுவதை ஒக்கும். தென்னாப்பிரிக்க முஸ்லிம்களின் விழாக்களில் ஷரீஅத்தின் அளவுகோலுக்கு உட்படுவனவும் உண்டு, உட்படாதனவும் உண்டு. அவையனைத்திலும் ஒரு பொதுவான வரலாறு பதிந்துள்ளது. தன் உடல்மீதும் உழைப்பின்மீதும் உரிமையற்றிருந்த ஒரு மக்கட்கூட்டம், ஆண்டின் 365 நாட்களுள் சில நாட்களையேனும் தனக்குரியதாக ஆக்கிக்கொண்ட வரலாறு அது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் கப்பல்களுக்கு உணவும் நீரும் வழங்கும் இடைத்தங்கல் ஒன்றை நன்னம்பிக்கை முனையில் 1652இல் நிறுவியது. அதனை நடத்தக் கூலியின்றி உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. அன்று தொட்டு, 1808இல் அடிமை வணிகம் சட்டத்தால் நிறுத்தப்படும் வரை, சற்றொப்ப 63,000 பேர் அடிமைகளாக அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்கள் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள், இந்தியத் துணைக்கண்டம் ஆகிய நான்கு நிலப்பகுதிகளினின்றும் ஏறத்தாழச் சமபங்கினராகக் கொணரப்பட்டனர். பிற்காலத்தில் இம்மக்களுக்குக் ‘கேப் மலாய்’ என்று பெயர் வழங்கியதால், அவர்கள் யாவரும் மலாய் நாட்டவர் என்ற எண்ணம் பரவிவிட்டது. அது பிழையான எண்ணம். மலாய் அவர்களிடையே வழங்கிய பொதுமொழி, அவ்வளவே. கம்பெனி ஆவணங்களில் அடிமைகளின் பெயர்கள் ‘வான் பெங்காலன்’, ‘வான் மலபார்’, ‘வான் சிலோன்’ என ஊர்ப்பெயர் ஒட்டி எழுதப்பட்டுள்ளன. ‘வான் டி குஸ்ட்’ என்றால் ‘கரையைச் சேர்ந்தவர்’ என்று பொருள். அந்தக் ‘கரை’ நம் சோழமண்டலக் கரையே.

கம்பெனி அரசு 1657இல் பிறப்பித்த ஆணை ஒன்று இங்கு இன்றியமையாதது. அம்போன் தீவிலிருந்து ஊழியத்திற்கு அழைத்துவரப்பட்ட மர்டைக்கர் எனும் முஸ்லிம்களின் சமய நம்பிக்கையில் எவரும் தலையிடலாகாது. ஆயின், அவர்கள் தம் சமயத்தைப் பலரறியப் பின்பற்றினாலோ, கிறித்தவரிடத்தும் பிறரிடத்தும் பரப்ப முற்பட்டாலோ மரண தண்டனை விதிக்கப்படும் என்பது அதன் சாரம். உள்ளத்தில் ஈமான் கொள்ளத் தடையில்லை. வாயைத் திறந்து பாங்கு சொல்லத் தடை. இத்தடை ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் சட்டநூலில் இருந்தது. 1804 ஜூலை 25ஆம் நாளில்தான் படேவியக் குடியரசின் ஆணையாளர் டி மிஸ்ட் என்பவர் சமயச் சுதந்திரத்தை அறிவித்தார்.

இத்தடைக் காலத்தின் நடுவே 1694ஆம் ஆண்டு ஏப்ரலில், ‘வூட்பூக்’ என்னும் கப்பலில் ஷைகு யூசுஃப் வந்திறங்கினார். சுலாவெசித் தீவின் கோவாவில் 1626இல் பிறந்து, யமனிலும் மக்கா மதீனாவிலும் கல்வி பயின்று, கல்வத்திய்யா தரீக்காவின் ஷைகாக விளங்கிய பேரறிஞர் அவர். பாண்டன் நாட்டு சுல்தான் அகெங் திர்த்தயாசா ஒல்லாந்தரை எதிர்த்துப் போரிட்டபோது அவருடன் நின்றார். 1683இல் சிறைப்பட்டு, மறு ஆண்டே இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். இலங்கையில் கழித்த பத்தாண்டுகள் அவருடைய எழுத்துப்பணி செழித்த காலமாகும். ‘அந்நஃபஹத்துஸ் ஸைலானிய்யா’ என்னும் அவருடைய அரபு நூல் தன் பெயரிலேயே இலங்கையைத் தாங்கி நிற்கிறது. இந்தியாவிலிருந்து வந்த மார்க்க அறிஞர்களும் அங்கே அவருடன் தொடர்பு கொண்டிருந்தனர். ஹஜ்ஜுக்குச் செல்வோரும் மீள்வோருமான பயணிகள் வாயிலாக அவருடைய கடிதங்கள் தாயகம் சென்று சேர்வதைக் கண்ட கம்பெனி, இன்னும் தொலைவுக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தது. அந்தத் தொலைவே நன்னம்பிக்கை முனை.

நாற்பத்தொன்பது பேருடன் வந்த அவரை நகருக்குள் வைத்திருக்க அதிகாரிகள் அஞ்சினர். ஈர்ஸ்ட் ஆற்று முகத்துவாரத்தை அடுத்த ஸான்ட்ஃப்ளீட் பண்ணையில் குடியமர்த்தினர். ஒதுக்குப்புறம் என்று அவர்கள் கருதிய அவ்விடத்திற்கு, ஓடிவந்த அடிமைகள் அடைக்கலம் தேடி வந்தனர். 1699 மே 23இல் ஷைகு அவர்கள் மறைந்தார்கள். அவர்களின் உடல் பின்னர் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது அந்நாட்டு மரபு. கோவாவிலும் ஓர் அடக்கத்தலம் உண்டு. எனினும் ஃபோர் குன்றின்மேல் ஜியாரத் நிற்கவில்லை. இன்று காணப்படும் கட்டடத்தை இந்திய வணிகரான ஹாஜி சுலைமான் ஷாமுகம்மது என்பவர் 1925இல் எழுப்பினார்.

இனி, ஈஸ்டருக்கு வருவோம். அடிமையாகவும், பின்னர்க் கூலியாளாகவும், தையற்காரராகவும், மீனவராகவும் வாழ்ந்த ஒரு கேப் முஸ்லிமுக்கு, குடும்பத்தோடு 40 கிலோமீட்டர் சென்று தங்கிவரத் தொடர்ந்தாற்போல் நான்கு நாள் ஓய்வு எப்போது கிடைக்கும்? முஹர்ரமில் கிடைக்காது, ரபீஉல் அவ்வலில் கிடைக்காது. எசமானன் தேவாலயத்துக்குச் செல்லும் புனித வெள்ளி முதல் ஈஸ்டர் திங்கள் வரைதான் கிடைக்கும். நாட்காட்டி எசமானனுடையது. அதற்குள் தன் ஷைகுக்கு இடம் தேடிக்கொண்டவன் அடிமை. இதனைக் கிறித்தவப் பண்டிகையைப் பின்பற்றியதாகக் கருதுவோர், ஈஸ்டர் என்ற சொல்லைக் கண்டார்களேயன்றி அந்நான்கு நாட்களின் இடையில் நடந்த யாசீனையும் திக்ரையும் காணத் தவறிவிட்டனர்.

கேப் டவுனைச் சூழ மலைச்சரிவிலும் கடலோரத்திலும் ‘கிராமத்’ என்றழைக்கப்படும் இத்தகைய அடக்கத்தலங்கள் பல உள்ளன. ‘கராமத்’ என்னும் அரபுச் சொல் இடப்பெயராகவே மாறிவிட்டது. ராபன் தீவிலும் ஒன்றுண்டு. அத்தீவில் நெல்சன் மண்டேலா சிறையிருந்ததை உலகம் அறியும். அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் அறிஞர்கள் அங்கே சிறையிருந்தனர் என்பதை அறிந்தவர் சிலரே. இத்தலங்களுள் பலவற்றை 2021இல் தென்னாப்பிரிக்க அரசு தேசிய மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

ராபன் தீவின் கைதிகளுள் ஒருவர், திதோரே தீவைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு காழீ அப்துஸ்ஸலாம். ‘துவான் குரு’ என்று மக்கள் அவரை அழைத்தனர். ‘ஆசிரியப் பெருந்தகை’ என்று அதனைப் பெயர்க்கலாம். ‘குரு’ என்னும் வடசொல் மலாய் வழியே ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை சென்று ஓர் இமாமின் பட்டமானது சுவையான செய்தி. 1780இல் அரசியல் கைதியாகக் கொண்டுவரப்பட்ட அவர், தீவில் நினைவிலிருந்தே திருக்குர்ஆன் முழுவதையும் எழுதினார் என்பது புகழ்பெற்ற வரலாறு. ‘மஃரிஃபத்துல் இஸ்லாம் வல்ஈமான்’ என்னும் நூலை 1781இல் அரபிலும் மலாயிலும் எழுதி முடித்தார். விடுதலை பெற்று நகருக்கு வந்ததும், 1793இல் டார்ப் தெருவில் மதரஸா ஒன்றைத் தொடங்கினார். பள்ளிவாசல் கட்ட அனுமதி மறுக்கப்பட்டபோது, சியாப்பினித் தெருவை அடுத்த கல்லுடைக்கும் குழியில் திறந்தவெளியில் ஜும்ஆ நடந்தது.

அந்நகரின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் எழுந்த மனை யாருடையது என்பது நம் கவனத்திற்குரியது. ‘கொரிடோன் வான் சிலோன்’ என்ற, இலங்கையிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்ற ஒருவர் 1794இல் அம்மனையைப் பெற்றார். அவருக்குப்பின் அது அவர் மனைவிக்கும், பின்னர் மகள் ஸார்ச்சிக்கும் சென்றது. அப்பெண்மணியே அதனைத் தொழுகைக்கு உரியதாக்கினார். நாட்டின் முதல் பள்ளிவாசல் ஒரு பெண்ணின் கொடையால் நிலைத்தது.

பெண்களைப் பற்றிய பேச்சு வந்ததால், கேப் முஸ்லிம்களின் மீலாது விழாவை இங்கே விரித்துரைப்பது பொருந்தும். ரபீஉல் அவ்வல் பன்னிரண்டை ஒட்டி ‘ராம்பிஸ் ஸ்னை’ என்னும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. ‘ஸ்னை’ என்பது ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அரிதலைக் குறிக்கும். ‘ராம்பிஸ்’ என்பது ‘பூங்கா ராம்பை’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு. மலாய் நாடுகளில் தாழையின இலையை நுணுக்கமாக அரிந்து மலரிதழ்களோடு கலந்து மணமூட்டுவர். இலங்கையில் ரம்பை எனச் சமையலில் வழங்குவது அவ்வினத்து இலையே. கேப் டவுனில் அவ்விலை கிடைக்கவில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்கள் கிடைத்தன. அவற்றின் இலைகள் ராம்பையாயின.

அன்று பகலில் பெண்கள் சிறுமியரோடு பள்ளிவாசலுக்கு வந்து அமர்கின்றனர். ஆளுக்கொரு சிறு பலகை, ஒரு கத்தி. ஸலவாத்தும் பைத்தும் ஓதிக்கொண்டே இலைகளை நூலிழைபோல அரிகின்றனர். அரிந்ததை நறுமண எண்ணெய்களில் பிசறி, வண்ணத்தாளில் சிறு பொட்டலங்களாக மடிக்கின்றனர். இரவில் ஆண்கள் கூடி பர்ஸன்ஜீ மௌலிது ஓதி முடிக்கும்போது, வந்தோர்க்கெல்லாம் அப்பொட்டலங்கள் வழங்கப்படுகின்றன. அதனை வீட்டுக்குக் கொண்டுசென்று துணிப்பெட்டியில் வைப்பவர் பலர். நம் மௌலிது மஜ்லிஸ்களில் பன்னீரும் சந்தனமும் செய்யும் பணியை அங்கே எலுமிச்சை இலை செய்கிறது.

பெண்கள் பகல் முழுதும் பள்ளிவாசலுக்குள் அமர்ந்திருக்கும் இவ்வழக்கம், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஒரு சமூகத்தில், உலமாக்களின் வழிகாட்டலின் கீழேயே தலைமுறைகளாக நடந்துவருகிறது. நம் ஊர்களில் இன்றும் இதனைக் கேட்டுப் புருவத்தை உயர்த்துவோர் இருக்கலாம். பள்ளிவாசலே இல்லாதிருந்த காலத்தில் வீட்டின் உள்ளறைதான் பள்ளியாக இருந்தது என்பதையும், அவ்வறையின் உரிமையாளர் பெண்ணாக இருந்தாள் என்பதையும் நினைவுகூர்ந்தால் வியப்பு குறையும்.

மௌலிதைப் போன்று அத்துணை இணக்கமாக நிகழாதது ராத்திபு. அங்கே அது ‘ராதீப்’ என்றும் ‘கலீஃபா’ என்றும் வழங்குகிறது. ஹிஜ்ரி 578இல் மறைந்த செய்யிதுனா அஹ்மதுல் கபீர் ரிஃபாயி (ரஹ்) அவர்களின் தரீக்காவைச் சார்ந்தது. தஃப் முழங்க, திக்ரின் உச்சத்தில், வாளால் உடலைத் தாக்கியும் அலகுகளைக் கன்னத்தில் செலுத்தியும் காயமின்றி மீளும் நிகழ்ச்சி அது. நம் கடற்கரை ஊர்களில் ரிஃபாயி பக்கீர்மார்களிடம் இதனைக் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சாட்டையடிக்கு உரியதாகவே தன் உடலைப் பிறர் கருதிய நாட்டில், வாளும் தீண்டாத உடல் என் உடல் என்று ஓர் அடிமை காட்டிய அந்த இரவுகளின் ஈர்ப்பை ஊகிப்பது அரிதன்று.

1850களின் நடுப்பகுதியில் கேப் டவுனின் ஐரோப்பியக் குடிமக்கள், ராத்திபின் இரைச்சல் இரவுறக்கத்தைக் கெடுக்கிறது என்று அதிகாரிகளிடம் முறையிட்டனர். விசாரணை எழுந்தது. அப்போது முஸ்லிம் இமாம்களிலேயே, இது மார்க்கக் கடமைகளுள் ஒன்றன்று என்று கூறியோர் இருந்தனர். முடிவில் ராத்திபின் நாட்கள் குறைக்கப்பட்டன. ஃபிக்ஹின் பார்வையில் இமாம்கள் கூறியது சரியே. ராத்திபு ஃபர்ளுமன்று, வாஜிபுமன்று. ஆயினும் அந்தச் சரியான விடை, முஸ்லிம்களின் பறையொலியைச் சகியாத ஒரு நகராட்சியின் கையில் கொடுக்கப்பட்டது என்பதே என் மனத்தை உறுத்துவது. ஒரே கூற்று மிம்பரில் சொல்லப்படும்போது பெறும் பொருள் வேறு, காவல் அதிகாரியிடம் சொல்லப்படும்போது பெறும் பொருள் வேறு. ராத்திபோ அழியவில்லை. பள்ளிவாசலை விட்டு நீங்கி வீட்டு விழாக்களிலும் மேடைகளிலும் இடம்பெற்று, இன்று பாதி வழிபாடாகவும் பாதி வேடிக்கையாகவும் நிற்கிறது.

இத்தகைய பூசல்களைத் தீர்க்க ஓர் அறிஞர் வேண்டும் என்று கேட்டதன் பேரில், உதுமானியப் பேரரசு அபூபக்ர் எஃபெந்தி என்பவரை அனுப்பியது. 1863 தொடக்கத்தில் வந்து சேர்ந்த அவர், பூசலைத் தணிப்பதற்கு மாறாகப் புதியதொன்றைத் தொடங்கிவைத்தார். அவர் ஹனஃபீ, மக்கள் ஷாஃபிஈ. கடல் சிங்க இறால் ஹராம் என்று அவர் உரைத்தது, மீன்பிடித்து வாழும் மக்களிடையே பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ ஒருவர் வந்து இறாலைத் தடுத்தால் என்ன நிகழும் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்! எனினும் அவர் எழுதிய ‘பயானுத்தீன்’ என்னும் நூல் என்றும் நினைக்கத்தக்கது. 1877இல் இஸ்தான்பூலில் அச்சான அந்நூல் ஆஃப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் தருகிறது. நமது அரபுத்தமிழுக்குத் தூரத்து உடன்பிறப்பு அது. வெள்ளையர்கள் தம் தேசிய மொழி என்று உரிமை கொண்டாடிய ஆஃப்ரிகான்ஸின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் சில, முஸ்லிம் அடிமைகளின் வழித்தோன்றல்கள் மதரஸாக் குறிப்பேடுகளில் அரபு எழுத்தால் எழுதியவை.

இதுவரை கூறியவை மார்க்கத்தின் எல்லைக்குள்ளோ அதன் விளிம்பிலோ நிற்பவை. ‘இரண்டாம் புத்தாண்டு’ அவ்வாறன்று. ஜனவரி முதல் நாள் எசமானர்கள் விருந்துண்டு களிப்பர். அன்று அடிமைகளுக்கு வேலை மிகுதி. எனவே அவர்களுக்கு ஓய்வு மறுநாள், ஜனவரி 2இல் கிடைத்தது. 1834 டிசம்பர் 1இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. எனினும் ‘தொழிற்பயிற்சி’ என்ற பெயரில் நான்காண்டுகள் அதே எசமானிடம் உழைக்க வேண்டியிருந்ததால், மெய்யான விடுதலை 1838 டிசம்பர் 1இல்தான் வந்தது. விடுதலையின் களிப்பும் புத்தாண்டின் களிப்பும் ஒன்றுகலந்து, இரண்டாம் புத்தாண்டு தெருவிழாவாக மலர்ந்தது.

பளபளக்கும் பட்டுச்சட்டையும் வெண்தொப்பியும் குடையுமாக, முகத்தில் சாயம் பூசி, பாஞ்சோவும் கோமா எனும் பறையும் முழங்கக் குழுக்குழுவாக ஆடிச்செல்வர். ‘கிளாப்ஸ்’ என்று இக்குழுக்களுக்குப் பெயர். முகச்சாயம் அமெரிக்காவிலிருந்து வந்தது. கறுப்பர்களைக் கேலிசெய்ய வெள்ளையர்கள் கரிபூசி நடித்த நாடகக்குழுக்கள் 1860களில் கேப் டவுனுக்கு வந்தன. எள்ளலுக்காகப் பூசப்பட்ட அச்சாயத்தைக் கேப் மக்கள் எடுத்துக் களிப்புக்காகப் பூசிக்கொண்டனர். 1907இல் கிரீன் பாயின்ட் திடலில் போட்டிகள் முறைப்படி தொடங்கின.

முந்தைய இரவின் காட்சி வேறு. டிசம்பர் 31 இரவில் மலாய்ப் பாடற்குழுவினர் ஒரே நிறத்து மேலங்கியும் ஃபெஸ் தொப்பியும் அணிந்து போ-காப் தெருக்களில் வரிசையாகச் செல்வர். வீடுதோறும் மேசையில் பண்டங்கள் பரப்பி அவர்களை வரவேற்பர். அவர்கள் பாடும் ‘நெடர்லாண்ட்ஸ்’ பாடல்களின் சொற்கள் பழைய டச்சு மொழியினவை. முதற்பாடகர் அச்சொற்களை நெளித்தும் குழைத்தும் இழுக்கும் முறையை ‘கரிங்கல்’ என்பர். எசமானனின் காதற்பாட்டை, கிராஅத்தும் பாங்கும் கேட்டு வளர்ந்த குரல் பாடினால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருக்கும் அது. இக்குழுக்களின் போட்டிகளை நடத்தும் மன்றம் 1939இல் தோன்றியது.

இவ்விழாவை உலமாக்கள் கண்டித்து வந்துள்ளனர். கற்றறிந்த முஸ்லிம் குடும்பங்கள் நாணி ஒதுங்கியதும் உண்டு. இசை, ஆட்டம், முகச்சாயம், சில இடங்களில் மதுவும் சூதும். கண்டனத்திற்குக் காரணங்கள் உள்ளன. அவற்றை மறுக்க நான் முன்வரவில்லை. ஆனால் இனவொதுக்கல் அரசு அவ்விழாவுக்குச் செய்ததையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1966 பிப்ரவரி 11இல் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்னும் பகுதி வெள்ளையருக்கு மட்டும் உரியதென அறிவிக்கப்பட்டது. சுமார் 60,000 மக்கள் அகற்றப்பட்டுக் கேப் சமவெளியின் மணற்காட்டில் குடியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன; பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் வெற்றுவெளியில் தனித்து நின்றன. அக்காலத்தில் கிளாப்ஸ் ஊர்வலம் நகரின் நடுத்தெருக்களில் செல்வதும் தடுக்கப்பட்டது. தடை தளர்ந்து பல்லாண்டுகளுக்குப் பின் அவர்கள் மீண்டும் அத்தெருக்களில் ஆடிச்சென்றபோது, அது களியாட்டமாக மட்டும் இருந்திருக்க இயலாது. இடிக்கப்பட்ட தம் வீட்டு வாசலைக் கடந்து சென்றோர் அவருள் பலர்.

ரமளான், பெருநாள் பற்றிச் சில சொற்கள். நோன்பை அவர்கள் ‘புவாசா’ என்றும் பெருநாளை ‘லபாரங்’ என்றும் மலாய்ச் சொற்களாலேயே குறிப்பிட்டு வந்தனர். மலாய் மொழி பேச்சில் அற்றுப்போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் இச்சொற்கள் எஞ்சி நிற்கின்றன. ஷஃபான், ரமளான் மாதங்களின் இறுதி மாலையில் ‘மான்கைகர்ஸ்’ எனப்படும் பிறை பார்ப்போர் சீ பாயின்ட் கடற்கரையில் கூடுவர். அவர்களோடு நகர முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கில் உணவுக் கூடைகளுடன் வந்து புல்வெளியில் மஃரிபு தொழுது காத்திருப்பர். அக்கடற்கரை இனவொதுக்கல் காலத்தில் வெள்ளையர் பகுதியாக இருந்தது. கணிப்பா, கண்ணால் காண்பதா என்னும் விவாதம் நம்மிடையே ஓய்ந்தபாடில்லை. அங்கே பிறை பார்த்தல் ஒரு குடும்பத் திருவிழாவாகவே ஆகிவிட்டது.

இனி அந்நாட்டின் மேற்கு முனையை விட்டுக் கிழக்குக் கரையிலுள்ள நட்டாலுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள முஸ்லிம்களின் வரலாறு வேறு. நமக்கு மிக அணித்தானது. 1860 நவம்பர் 16இல் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 ஒப்பந்தக் கூலிகளுடன் டர்பன் துறையை அடைந்தது. அது புறப்பட்ட துறை சென்னை. 1911 வரை அவ்வாறு வந்தோர் தொகை 1,52,000க்கும் மேல். அவருள் பெரும்பான்மையர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தமிழரும் தெலுங்கருமான இந்துக்கள். முஸ்லிம்கள் மிகச் சிறுபான்மையர். ஆயினும் நட்டாலில் இந்தியர் அனைவரும் கூடிக் கொண்டாடிய முதற்பெரும் விழாவாக முஹர்ரம் அமைந்தது.

கரும்புத் தோட்ட முதலாளிகள் முஹர்ரமுக்கு விடுப்பளித்தனர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அத்தகைய பொது ஏற்பு அப்போது கிட்டவில்லை. ஆகவே கிடைத்த விடுப்பை எல்லோரும் பகிர்ந்துகொண்டனர். மூங்கிலாலும் வண்ணத்தாளாலும் செய்த தாஜியாக்களைத் தோட்டந்தோறும் இழுத்துவந்து உம்கேனி ஆற்றில் கரைத்தனர். முன்னே புலிவேடமிட்டோர் ஆடினர். தாஜியாவின் கீழ் நேர்ச்சை செலுத்தியவர்களுள் தமிழ் இந்துப் பெண்கள் ஏராளம். தஞ்சைப் பகுதியில் அல்லாசாமிப் பண்டிகை என்று முஹர்ரம் கொண்டாடிய இந்துக்களை அறிந்தோர்க்கு, இது கடல் கடந்து சென்ற பழைய உறவு என்பது புலனாகும். வெள்ளையர்களோ அதனைக் ‘கூலிகளின் கிறிஸ்துமஸ்’ என்று இகழ்ச்சியாக அழைத்தனர். கர்பலாவின் துயரத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன தொடர்பு? விடுமுறை என்பதொன்றே அவர்கள் கண்ட தொடர்பு!

முதற்கப்பலில் வந்த கூலிகளுள் ஒருவராகக் கருதப்படும் ஷைகு அஹ்மத், ‘பாட்ஷா பீர்’ என்ற பெயரில் டர்பனின் புரூக் தெரு மையவாடியில் அடங்கியுள்ளார். 1895இல் அந்நகருக்கு வந்த சூஃபி சாஹிப் என்னும் பெரியார் அவருடைய கப்ரை அடையாளம் காட்டினார் என்பது மரபு. கூலித்தொழிலாளி ஒருவர் அடங்கிய இடம் ஒரு நகரின் முதன்மையான தர்காவானது. தம் சொந்தச் செலவில் பயணச்சீட்டெடுத்து வந்த குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் இவ்விழாவிலிருந்து விலகியே நின்றனர். கூலிகளோடு தம்மையும் சேர்த்து அரசு எண்ணிவிடுமோ என்ற அச்சமும் அவ்விலகலில் கலந்திருந்தது. 1908இல் நட்டாலுக்கு வந்த சுவாமி சங்கரானந்தர், இந்துக்கள் முஹர்ரமில் கலந்துகொள்வதைக் கண்டித்துத் தீபாவளிக்கு விடுப்புக் கோரும் இயக்கத்தைத் தொடங்கினார். இருபுறத்துச் சீர்திருத்தவாதிகளும் தத்தம் எல்லையைக் கூர்மையாக வகுத்தனர். தாஜியாவின் பின்சென்ற கூட்டம் ஆண்டுக்காண்டு மெலிந்தது. இன்றும் டர்பனில் தாஜியா எடுக்கப்படுகிறது. பழைய பெருக்கு அதில் இல்லை.

1994இல் மக்களாட்சி மலர்ந்தது. ஷைகு யூசுஃப் வந்திறங்கிய முந்நூறாம் ஆண்டு நிறைவும் அதே ஏப்ரலில் வந்ததைக் கேப் முஸ்லிம்கள் பெருநிகழ்ச்சியாகக் கொண்டாடினர். 2005இல் அரசு அவருக்கு ஓ. ஆர். டாம்போ விருதை மறைவுக்குப்பின் வழங்கிச் சிறப்பித்தது. அதே 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பொது விடுமுறைச் சட்டத்தில் புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் தொடர்ந்தன; ஈஸ்டர் திங்கள் ‘குடும்ப நாள்’ என்ற பெயரில் நீடித்தது. இரு பெருநாட்களும் தீபாவளியும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. பெருநாளன்று தொழுகைக்குச் செல்லும் தொழிலாளி தன் ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு நாளைக் கழித்துக்கொள்கிறார். ஃபோர் குன்றைச் சுற்றிக் கூடாரங்கள் எழுவது இன்றும் அந்தக் ‘குடும்ப நாள்’ வரும் வாரத்தில்தான்.